சாமியார் ஒருத்தர்தான், சரி. அதுக்காக சின்ன கோயில் மறைக்கல்விய ஏன் நிறுத்தணும்? ரெண்டு கோயில் பங்குப்பேரவைக்கு ஒரு திறந்த மடல்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

மதிப்புக்குரிய ஃபாதருக்கும், ரெண்டு கோயில் பங்குப்பேரவை உறுப்பினர்களுக்கும், அன்பியப் (பக்கத்து வீடுக ஒண்ணா கூடி ஜெபிக்கற குழு) பொறுப்பாளர்களுக்கும், சின்ன கோயில்ல பிள்ளைகளுக்கு ஜெபமும் வேதமும் சொல்லிக் குடுக்கற மறைக்கல்வி டீச்சர் எழுதறதுங்க. போன ஞாயிறு பூசை முடிஞ்சு வாசிச்ச அறிவிப்புல, வர்ற ஜூன்ல இருந்து ரெண்டு கோயில் பிள்ளைகளுக்கும் மறைக்கல்வி பெரிய கோயில்லயேதான், சின்ன கோயில் பிள்ளைகளுக்கு வேன் ஏற்பாடு பண்ணியாச்சு, டீச்சர் பத்தலை, பிள்ளைகளும் கொறஞ்சுபோச்சு, ஒரே எடத்துல வச்சா ஃபாதரும் பாத்துக்கலாம்னு சொன்னீங்க. அன்னைக்கு கூட்டத்துல இத பத்தி பேச நேரமில்லாம போச்சு. அதான் எல்லாரும் படிக்கற மாதிரி இத எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், சாமியார் விஷயத்துல எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லைங்க. ரெண்டு கோயிலுக்கு ஒரு சாமியார்ங்கறது நம்ம பங்குல மட்டும் நடக்கற காரியம் இல்ல, சாமியார் பத்தாத எடத்துல பக்கத்து பக்கத்து பங்குகள ஒருத்தர் கையிலயே குடுக்கலாம்னு திருச்சபைச் சட்டம் 526லயே இருக்கு. ஒரு சாமியார் சாதாரணமா ஒரு நாளைக்கு ஒரு பூசைதான், ஆள் பத்தலைன்னா ஆயர் (பிஷப்) அனுமதியோட ரெண்டு, ஞாயிறு, இல்ல கட்டாயம் பூசை பாக்க வேண்டிய கடன்திருநாள்னா தேவைய பொறுத்து மூணு வரைக்கும், அதுக்கு மேல கெடையாதுன்னு 905வது சட்டம் சொல்லுது. அந்த மூணுல கான்வென்ட்டுக்கு ஒண்ணு போயிடுது, பெரிய கோயிலுக்கு கூட்டம் ஜாஸ்தி, அப்புறம் எங்களுக்கு என்ன மிஞ்சும்னு எங்களுக்கே தெரியும். அதனாலதான் எங்க பூசைய சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மாத்தினப்ப ஒருத்தரும் மூச்சு விடல. சனி சாயங்காலப் பூசை பாத்தாலும் ஞாயிறு கடமை தீரும்னு ஃபாதரே வெளக்கி சொன்னாங்க, வயசானவங்க கொஞ்ச நாள் சங்கடப்பட்டாங்க, அப்புறம் பழகிடுச்சு.

ஆனா மறைக்கல்வி அந்த மாதிரி இல்லைங்களே. பூசைக்கு சாமியார் வேணும், பாவசங்கீர்த்தனத்துக்கு சாமியார் வேணும், சாமியார் ஒருத்தர்தான் இருக்காருன்னா அதெல்லாம் ரெண்டு கோயிலும் பங்கு போட்டுக்க வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் குடுக்க சாமியார் வேணுமா? ஜெபமாலை சொல்ல, அன்பியம் கூட, ஏழைகளுக்கு உதவற வின்சென்ட் தே பால் சபைக்கு அரிசி சேக்க, பாட்டு பழக, கோயில் கூட்ட, இதுல எதுக்கு சாமியார் வேணும்? சாமியார் கொறஞ்சதுக்கு, சாமியாரே தேவைப்படாத வேலைய ஏன் நிறுத்தறீங்கன்னுதான் எனக்கு புரியல.

நம்ம பாலக்காட்டு சித்தூர் பக்கத்து தமிழ்க் கிறிஸ்தவங்களுக்கு சாமியார் இல்லாம கோயில் நடத்தறது புதுசும் இல்ல. இந்தப் பக்கம் ரொம்ப காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்துல (ஒரு ஆயருக்கு கீழ வர்ற பகுதி) இருந்தது, அது 1850ல அப்போஸ்தலிக்க மறைவட்டமா ஆரம்பிச்சு 1886ல மறைமாவட்டம் ஆச்சு, அந்தக் காலத்துல பிரெஞ்சு சாமியாருங்கதான், அவங்களும் எத்தன ஊருக்குன்னு போவாங்க. அவங்க வராத நாள்ல எல்லாம் கோயில தூக்கி நிறுத்தினது உபதேசியார்தான், ஞாயித்துக்கிழமை ஜனங்கள கூட்டி ஜெபம் சொல்றது, பிள்ளைகளுக்கு ஜெப மந்திரம் படிச்சுக் குடுக்கறது, சாகக் கெடக்கறவங்க பக்கத்துல ஒக்காந்து ஜெபம் சொல்றதுன்னு எல்லாம் அவர்தான் பாத்தாரு. எங்க அம்மாயி படிச்சதும் உபதேசியார் கிட்டதான், கடைசி வரைக்கும் ஒரு மந்திரம் மறக்கல. 2013 டிசம்பர் 28ல சுல்தான்பேட்டை மறைமாவட்டம் வந்தப்ப, பாலக்காட்டுக்குள்ளயே ஆயர் இருப்பாரு, இனி எல்லாம் பக்கம்னு நாங்க எவ்ளோ சந்தோஷப்பட்டோம். ஆயர் பக்கத்துல வந்த காலத்துல மறைக்கல்வி தூரமா போறது எங்களுக்கு வருத்தமா இருக்குங்க.

2021 மே 10ல போப் பிரான்சிஸ், மறைக்கல்வி சொல்லிக் குடுக்கற பொதுநிலையினருக்குன்னே (சாமியாரா இல்லாத சாதாரண ஜனங்க) தனியா ஒரு திருப்பணிய ஏற்படுத்தினாரு. அது ஏதோ சாமியாருக்கு ஒத்தாச பண்ற சில்லற வேலை இல்ல, திருச்சபையே ஒருத்தர் தலைமேல கை வச்ச மாதிரி குடுக்கற பொறுப்பு. அப்படி இருக்கறப்ப டீச்சர் பத்தலைன்னா புது டீச்சர உருவாக்கறதுதானே வழி, வகுப்ப மூடறது எப்படி வழியாகும்?

இப்ப பிள்ளைகள பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா பேரவையில இருக்கற நெறைய பேருக்கு வகுப்புக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது.

எங்க பிள்ளைங்க வீட்ல பேசறது தமிழ்தான். ஆனா படிக்கறது பாதிப் பேரு இங்கிலீஷ் மீடியம், மீதி மலையாளம் மீடியம், தமிழ் மீடியத்துல இருக்கறது ரொம்ப கொஞ்சம். 2017ல கேரளாவுல எல்லா ஸ்கூல்லயும் மலையாளம் படிச்சே ஆகணும்னு சட்டம் வந்துடுச்சு, அதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல, இங்க பொழைக்கணும்னா மலையாளம் வேணும், கேரளா கவர்மென்ட் வேலைக்கு போகணும்னாலும் வேணும். ஆனா தமிழ் எழுத்து கத்துக்க எடம் எங்க இருக்கு? சொன்னா நம்ப மாட்டீங்க, எங்க வகுப்புல ஆறாங்கிளாஸ் படிக்கற ஒரு பையன் தமிழ் ஜெபத்த மலையாள எழுத்துல எழுதி வச்சுதான் மனப்பாடம் பண்றான், ஒரு எழுத்து தப்பில்லாம சொல்றான், தமிழ் புஸ்தகத்த கையில குடுத்தா மொத வரியிலயே நின்னுடறான். அதனால நான் வகுப்பு ஆரம்பிச்சா கால் மணி நேரம் அ, ஆ, க, ஙதான், அப்புறம் அந்த ஞாயிறு நற்செய்திய ஆளுக்கு ஒரு வரி சத்தமா வாசிக்கணும், திக்கித் திக்கி வாசிப்பாங்க, யாரும் சிரிக்கக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லிடுவேன். இப்படி கத்துகிட்ட ஒரு பொண்ணு போன வருஷம் திருவிழாப் பூசையில ரெண்டாம் வாசகம் வாசிச்சா, அவங்க அப்பத்தா கீழ ஒக்காந்து அழுதுட்டாங்க.

இது சின்ன வகுப்பா இருக்கறதாலதான் முடியுது. ஒரு ரூம்ல பெரிய கூட்டமா ஒக்கார வச்சு பாடத்த முடிச்சு பரிட்சை வைக்கற வகுப்புல, தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை கடைசி பெஞ்சுல வாய மூடி ஒக்காந்துடும், அதுக்கப்புறம் ஏதாச்சும் சாக்கு சொல்லி வராம நின்னுடும். பெரிய கோயில் டீச்சருங்க மேல குத்தம் சொல்றேன்னு நெனைக்காதீங்க, அவங்களுக்கு இருக்கற கூட்டத்துல யாரா இருந்தாலும் அதுதான் நடக்கும்.

வேன் விஷயத்துக்கு வர்றேன். வேன் நல்ல காரியம்தான், யாரோ புண்ணியவான் டீசலும் போடறாருன்னு கேள்விப்பட்டேன், அவருக்கு நன்றி. ஆனா எங்க பக்கத்துல அப்பா அம்மா ரெண்டு பேரும் கஞ்சிக்கோட்டு கம்பெனில ஷிஃப்ட்டு பாக்கற வீடு நெறைய, நைட் ஷிஃப்ட் முடிச்சு காலையில வந்து அசந்து தூங்குவாங்க, பிள்ளைகள எழுப்பி குளிப்பாட்டி கோயிலுக்கு கூட்டிட்டு வர்றது அம்மாயியும் அப்பத்தாவும்தான். சின்ன கோயில்னா அவங்க கைபுடிச்சு நடந்து வந்துடுவாங்க, வகுப்பு முடியற வரைக்கும் கோயில் திண்ணையில ஒக்காந்திருப்பாங்க. வேன்ல பிள்ளைக்கு எடம் இருக்கு, கெழவிக்கு எடம் இருக்கா? அஞ்சு வயசு பிள்ளைய தனியா ஏத்தி விட எந்த வீட்லயும் மனசு வராது.

அந்தத் திண்ணையில ஒக்காந்திருக்கறவங்கதான் எங்க கோயிலே, அத நீங்க புரிஞ்சுக்கணும்னுதான் இவ்ளோ எழுதறேன். பூசை சனிக்கிழமைக்கு போனதுல இருந்து ஞாயித்துக்கிழமை கோயில் கதவ தெறக்க வைக்கறது மறைக்கல்வி ஒண்ணுதான். பிள்ளைக உள்ள படிக்கறப்ப பெரியவங்க வெளிய ஜெபமாலை சொல்றாங்க. வின்சென்ட் தே பால் சபைக்காரங்க அந்த நேரத்துலதான் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கி சாக்குல சேக்கறாங்க, எந்த வீட்ல ஆள் படுத்துகெடக்கு, யாருக்கு மருந்துக்கு காசில்லன்னு அந்தத் திண்ணையிலதான் தெரிய வருது. வகுப்பு முடிஞ்சதும் பாடகர் குழு பிள்ளைக கீபோர்ட எடுத்து வச்சு பழகும். அன்பியக் கூட்டம் யார் வீட்லன்னு அப்பதான் முடிவு பண்ணுவோம், மத்தியானம் குடும்பஸ்ரீ அயல்கூட்டம் (பொம்பளைங்க சுய உதவிக் குழு) இருக்கறதால பொம்பளைங்க எல்லாரும் ஒண்ணா கெடைக்கறது அந்த ஒரு நேரம்தான். பந்தல்ல நடுக்கால உருவற மாதிரி மறைக்கல்விய மட்டும் உருவிட்டு மத்ததெல்லாம் அப்படியே நிக்கும்னு பேரவை நெனைக்குது, நிக்காதுங்க. மொதல்ல ஞாயிறு கதவு சாத்தும், அப்புறம் ஜெபமாலை நிக்கும், அப்புறம் அரிசி நிக்கும். கொஞ்ச வருஷம் கழிச்சு, சின்ன கோயில்ல ஒண்ணுமே நடக்கலையே, அதுக்கு எதுக்கு சனிக்கிழமை பூசைன்னு கேள்வி வரும், அன்னைக்கு எங்க கிட்ட பதில் இருக்காது.

பெரிய கோயில் எங்களுக்கு செஞ்சதெல்லாம் நாங்க மறக்கலைங்க. எங்களுக்கு தனியா கல்லறைத் தோட்டம் கெடையாது, எங்க பெரியவங்க எல்லாம் உங்க கல்லறையிலதான் இருக்காங்க, நவம்பர் 2 அன்னைக்கு நாங்க மெழுகுவத்தியும் பூவும் எடுத்துட்டு வர்றப்ப உங்க வீட்டுப் பிள்ளைங்க எங்க கல்லறைக்கும் சேத்து புல்லு செதுக்கி வச்சிருப்பாங்க. 2020ல கொரோனா வந்து வாளையாறு, வேலந்தாவளம் பக்கமெல்லாம் பாஸ் இல்லாம யாரும் தமிழ்நாட்டு எல்லைய தாண்ட முடியாம இருந்தப்ப, அந்தப் பக்கம் வேலைக்கு போற வீடுகள்ல அடுப்பு எரியல. அப்ப ரெண்டு கோயில் இளைஞரும் சேந்துதான் மளிகை சாமான் கட்டி வீடு வீடா குடுத்தாங்க, இது பெரிய கோயில் வீடு அது சின்ன கோயில் வீடுன்னு யாரும் பாக்கல, மதம் கூட பாக்கல. ரெண்டு கோயில் ஒண்ணா இருக்கறதுன்னா எனக்கு அதுதான் ஞாபகம் வருது.

ஆனா மத்த நாள்ல நடக்கறது ஒருவழிப் பாதையா இருக்கு, இதயும் சொல்லித்தான் ஆகணும். பெரிய கோயில் திருவிழாவுக்கு எங்க பசங்க கொடியேத்தத்துல இருந்து வர்றாங்க, தேர் தூக்க தோள் குடுக்கறாங்க, நாங்க திருவிழாவுக்கு வீட்டு வரியும் குடுக்கறோம். எங்க சின்ன சப்பரம் கெளம்பற அன்னைக்கு பேரவையில இருந்து ரெண்டு மூணு பேர் வந்து மாலை வாங்கிட்டு போயிடறாங்க. கிறிஸ்மஸ் கேரல் ரவுண்டும் எங்க தெருவுக்கு வர்றப்ப நடுராத்திரி தாண்டிடும், பிள்ளைக தூங்கிடும். யாரும் வேணும்னு செய்யறதில்ல, பழக்கம் அப்படி ஆயிடுச்சு.

கணக்கு பத்தியும் ஒரு வார்த்த. ஜனங்க குடுத்த காணிக்கைக்கு ஜனங்களுக்கு கணக்கு சொல்லணும்னு 1287வது சட்டத்துல இருக்கு, பெரிய கோயில்ல வருஷா வருஷம் வாசிக்கறீங்க, நல்லது, அதே தாள எங்க சனிக்கிழமை பூசையிலயும் வாசிச்சுடுங்க, அவ்ளோதான்.

இப்ப நான் கேக்கறது என்னன்னா, மறைக்கல்வி எங்க கோயில்லயே நடக்கட்டும். டீச்சர் பத்தலைங்கறது உண்மை, நானும் இன்னொரு அக்காவும்தான் இருக்கோம், அவங்களுக்கு முட்டிவலி. பெரிய கோயில்ல ப்ளஸ் டூ முடிச்சு காலேஜ் போற பிள்ளைக நல்ல தமிழ்ல பாடறாங்க, வாசிக்கறாங்க, அதுல ரெண்டு பேர மாத்தி மாத்தி ஞாயித்துக்கிழமை அனுப்புங்க. எங்க பிள்ளைகள ஏத்த வர்றதா இருந்த வேன் அவங்கள ஏத்திட்டு வரட்டும், டீசலும் அதே டீசல்தான். கான்வென்ட் சிஸ்டர் மாசத்துக்கு ஒரு தடவ வந்து எங்களுக்கு பயிற்சி குடுத்தா போதும். புதுநன்மை, உறுதிபூசுதல், மறைக்கல்வி ஆண்டுவிழா, இதெல்லாம் ரெண்டு கோயிலும் சேந்தே வைக்கலாம், அதுல எங்களுக்கு சந்தோஷம்தான், எங்க பிள்ளைங்களுக்கும் பெரிய கூட்டத்துல நின்ன அனுபவம் வேணும். சின்னப் பிள்ளைகளுக்கு வாரா வாரம் நடக்கற வகுப்பு மட்டும் வீட்டுப் பக்கத்துல இருக்கட்டும். ஒரு வருஷம் இப்படி நடத்திப் பாருங்க, வருகைப் பதிவேட மாசா மாசம் நானே கொண்டு வந்து காட்டறேன், பிள்ளை வரலைன்னா அப்புறம் பேரவை சொல்றத கேக்கறோம்.

இன்னொன்னு, பங்குப்பேரவைங்கறது ஃபாதருக்கு ஆலோசனை சொல்ற சபை, முடிவு ஃபாதர் கையிலதான்னு எனக்குத் தெரியும். அதனாலதான் ஃபாதர் கிட்ட நேரடியா கேக்கறேன், கடைசி முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயிறு, அறிவிப்பு எதுவும் இல்லாம, ரெண்டு பூசைக்கு நடுவுல கெடைக்கற அரை மணி நேரத்துல எங்க வகுப்புக்கு வந்து ஒக்காருங்க. பிள்ளைக வாசிக்கறத கேளுங்க, திண்ணையில இருக்கறவங்க கிட்ட பேசுங்க.

அடுத்த பேரவைக் கூட்டத்துல இத எடுக்கறதா இருந்தா, கூட்டத்த எங்க கோயில்லயே வச்சுக்கலாம். எங்க வீட்டுப் பொம்பளைங்க நெறைய பேரு வந்து பேசணும்னு இருக்காங்க, ராத்திரி பெரிய கோயில் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போக அவங்களுக்கு பஸ் இல்ல. தேதி மட்டும் ஒரு வாரம் முன்னாடி சொல்லுங்க, ஷிஃப்ட்டு மாத்தி வாங்கறவங்க மாத்தி வாங்கணும்.

இப்படிக்கு,
சின்ன கோயில் மறைக்கல்வி டீச்சர்