ஒன்பதாவதாக வந்த மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நன்றாக இருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தம்பி வெள்ளிக்கிழமை ஜோகன்னஸ்பர்க் வருகிறான். இதை அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். போன் செய்தால் "வேலையா இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வரவே மாட்டேன் என்கிறது. வாட்ஸ்ஆப்பில் என்ன அனுப்பினாலும் நீ பார்த்ததற்கு அடையாளம் விழுகிறது, பதில்தான் இல்லை. சரி, உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று எழுதுகிறேன்.

நாடு முழுக்க இருந்து வந்தவர்கள் ஆடிய மேஜிக் கார்டுப் போட்டியில் நீ ஒன்பதாவது. தம்பி சொன்னதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன். கடைசிக் கட்டத்துக்கு எட்டுப் பேரைத்தான் எடுப்பார்கள் என்பதும் தெரியும். உனக்கும் எட்டாவது ஆளுக்கும் ஒரே புள்ளியாமே. ஜெயித்தால் 3, சமமானால் 1 என்று கூட்டி, அதுவும் சரிசமமாக நின்றால், உன்னோடு ஆடியவர்கள் மொத்தத்தில் எவ்வளவு ஜெயித்தார்கள் என்று சதவீதம் போட்டுப் பார்ப்பார்களாம். அந்தக் கணக்கில் அவன் உள்ளே போனான், நீ வெளியே நின்றாய். உன் கையில் இல்லாத விஷயம் அது. அதற்காகவா வாயைத் திறக்காமல் இருக்கிறாய்? ஒன்பதாவது வந்ததற்கு இந்த வீட்டில் யார் உன்னைக் குறை சொல்லப் போகிறார்கள்?

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். தம்பியின் சிநேகிதன் உனக்குப் பக்கத்து மேஜையில் ஆடினானாம். ஒரு கார்டு எடுக்க வேண்டிய இடத்தில் உனக்கு இரண்டு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, எதிரே இருந்தவர் கவனிக்கவே இல்லை, நீயாகவே கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிட்டாய் என்று சொன்னானாம். உன் கையில் இருப்பதையெல்லாம் எதிராளிக்குத் திறந்து காட்ட வேண்டும், அவர் பார்த்து ஒன்றைச் சொல்வார், அது திரும்பக் கட்டுக்குள் போய்க் கலந்துவிடும், அதுதான் சட்டம் என்று தம்பி விளக்கினான். இருப்பதிலேயே நல்ல கார்டாகப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். அந்தச் சுற்று உனக்குப் போய்விட்டது. போகட்டும். அதை ஜெயித்திருந்தால் நீ எட்டுக்குள் இருந்திருப்பாய் என்று தம்பி அங்கலாய்த்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரும் பார்க்காதபோது கையைத் தூக்குகிற பெண்ணைத்தான் நான் வளர்த்தேன். இதை நான் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

பெரியம்மாவுக்குத்தான் புரியவைக்க முடியவில்லை. "சீட்டுக்கட்டோட போய் உட்கார்ந்திருக்காளாமே" என்று ஆரம்பித்தாள். நான் விடவில்லை. இது சூதாட்டம் இல்லை அக்கா, ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது, ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்று கணக்கில் டாக்டர் பட்டம் வாங்கிய ஒருவர் செய்த ஆட்டம், 1993-ல் வந்தது, உலகம் பூராவும் ஆடுகிறார்கள் என்றேன். போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது, நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்க, நீ அடுக்களை மேஜையில் கார்டுகளைப் பரப்பிச் சொன்னாயே, அதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கட்டுக்குக் குறைந்தது 60 கார்டு, சக்தி தருகிற அடிப்படை லேண்ட் கார்டைத் தவிர எந்தக் கார்டும் நாலுக்கு மேல் கூடாது, ஆளுக்கு 20 உயிர், சுற்றுக்கு 50 நிமிஷம், மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். மாற்றிப் போட்டுக்கொள்ள இன்னொரு 15 கார்டு வரைக்கும் தனியாக. அம்மா காதில் வாங்கவில்லை என்று நினைத்திருப்பாய். எல்லாம் வாங்கினேன்.

உனக்கு இது எங்கிருந்து வந்தது என்று பெரியம்மாவுக்கும் தெரியாமல் இல்லை. வராந்தாவில் துனிச் சீட்டு ஆட நாலாவது ஆள் குறைந்தால் தாத்தா உன்னைத்தானே கூப்பிடுவார். இருப்பது 24 கார்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, நாலு வகைக்கும் கூட்டினால் 304. பள்ளிக்கூட வாய்ப்பாடு தடுமாறிய வயதில் உனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. எந்த ஜாக் விழுந்துவிட்டது, எது இன்னும் யார் கையில் என்று தாத்தாவுக்கு முன்னால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அவர் தொடையைத் தட்டிச் சிரிப்பார். உன் சித்தப்பாவும் அதே வராந்தாவில்தான் ஆடப் பழகினார். அவரைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். வீட்டுப் பத்திரம் வரைக்கும் போனது உனக்குத் தெரியும்.

துனியில் எதிரே பார்ட்னர் உட்கார்ந்திருப்பார். வாயைத் திறந்து எதுவும் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் அவர் இருக்கிறார். உன்னுடைய இந்த ஆட்டத்தில் அந்தப் பக்கம் இருப்பவர் எதிரி, இந்தப் பக்கம் நீ மட்டும். அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

போட்டி நடத்திய கடைக்காரர்கள் போட்ட படங்களைத் தம்பி போனில் காட்டினான். ஒன்றில் நீ நன்றாக விழுந்திருக்கிறாய். கறுப்புச் சட்டை, முடியை இறுக்கிக் கட்டி, முகத்தில் சிரிப்பே இல்லாமல். இளைத்திருக்கிறாய். உன் பக்கத்தில் உயிர்க் கணக்கு எழுதுகிற தாள் இருந்தது, பெரிதாக்கிப் பார்த்தேன். 20, 17, 14, 7 என்று ஒவ்வொன்றாக அடித்து அடித்து எழுதியிருந்தாய். ஏழு போட்டு நடுவில் கோடு இழுப்பது உங்கள் அப்பா பழக்கம், உனக்கும் அப்படியே வந்திருக்கிறது. இடது கையில் கார்டுகளை விரித்துப் பிடித்திருக்கிறாய். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. வளையல் கிடந்த இடம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்துத் தெரிந்தது.

விளையாடும்போது இடிக்கும் என்று கழற்றி வைத்திருப்பாய். ஆனால் சோப்பு போட்டுத் தேய்த்தால்தானே அது கழலும். உன் 21-ஆம் பிறந்த நாளுக்கு ஆயா போட்டுவிட்டபோதே எவ்வளவு பாடுபட்டோம். இல்லை, அந்த ஊரில் தங்கம் போட்டுக்கொண்டு வெளியே போகக் கூடாது என்று நான் சொல்வேனே, அதைக் கேட்டுக் கழற்றியிருக்கலாம். அப்படியென்றால் பத்திரமான இடத்தில் வை. கூட இருக்கும் பெண்கள் நல்லவர்கள்தான், இருந்தாலும் பூட்டி வை. தனியாக ராத்திரி வண்டி ஓட்டாதே.

அந்தக் கார்டுகள் எல்லாம் என்ன விலை கண்ணு? சிலவற்றுக்கு ஒன்றுக்கே ஆயிரம் ரேண்டுக்கு மேல் ஆகிறது, அதுவும் நாலு வேண்டும் என்று தம்பி சொல்கிறான். நீ சொல்லியிருக்கிறாய், ஞாபகம் இருக்கிறது: பழைய கார்டுகளில் சிலவற்றைத் திரும்ப அச்சடிக்கவே மாட்டோம் என்று கம்பெனி 1996-லேயே ஒரு பட்டியல் போட்டுவிட்டது, அதற்கெல்லாம் விலை சுலபத்தில் விழாது என்று. சரி. ஆனால் நீ போட்டிக்கு வாங்குவது அந்தப் பழைய கார்டு இல்லையே. புதுக் கார்டுகள் கொஞ்ச வருஷம் ஆட்டத்தில் இருக்கும், பிறகு அந்த வகைப் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள், சில சமயம் நடுவிலேயே தடை போடுவார்கள், போட்டால் விலை மளமளவென்று இறங்கிவிடும் என்றும் நீதான் சொன்னாய். கையில் இருக்கிற தங்கம் அப்படி இல்லை. வாங்காதே என்று சொல்லவில்லை. உன் சம்பளம், உன் ஆசை. ஒரு வார்த்தை வீட்டில் சொல்லிவிட்டு வாங்கு என்கிறேன், அவ்வளவுதான். வேளைக்குச் சாப்பிடு.

ஆயா டர்பனில் மேகசின் பராக்ஸ் குடியிருப்பில் இருந்த காலத்திலிருந்து வாரிக் அவென்யூ காலை மார்க்கெட்டுக்குக் கீரைக்கட்டும் மடும்பிக் கிழங்கும் கொண்டுபோய் விற்றவள். விடியும் முன்னே போய்விடுவாள். சுருக்குப் பையில் சேர்ந்த காசில் கிரே ஸ்ட்ரீட்டில் செய்த வளையல் அது. அரசாங்கம் நம் ஆட்களை எல்லாம் அங்கிருந்து கிளப்பி இந்தச் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து போட்ட புதிதில், பஸ் காசு கூடிப்போய், மார்க்கெட்டுக்குப் போவதே கஷ்டமானபோது, அப்பாவின் பள்ளிக்கூடச் செலவுக்கு அதை அடகு வைத்தாள். தெரியுமா உனக்கு? தெரியும், ஆயாவே உன்னிடம் சொல்லியிருப்பாள். அதைச் சொல்ல அவள் கூச்சப்பட்டதே கிடையாது. யார் கேட்டாலும் "வளவி பாங்குல தூங்குது" என்பாளாம். ரசீதை அம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, வாரா வாரம் கொஞ்சமாகக் கட்டி, தவணை தீருவதற்குள் மீட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அடகு வைப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. எத்தனை குடும்பம் அப்படித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தது.

அப்பாவிடம் நான் அந்தப் படத்தைக் காட்டவில்லை. ஒன்பதாவது என்று மட்டும் சொன்னேன். "என் மகளாச்சே" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வெகுநேரம் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பார்த்தால் அவருக்கு உடனே கண்ணில் படும். அம்மாவின் வளையல் அல்லவா.

கார்டுக்கோ, வாடகைக்கோ, வேறு எதற்கோ, என்னவாகவும் இருக்கட்டும். எதற்கென்று நான் கேட்கவில்லை. விற்றுவிட்டாய் என்றால் விற்றுவிட்டேன் என்று சொல். அடகு என்றால் ரசீதைப் பத்திரப்படுத்து, தவணை என்றைக்கு என்று பார்த்து எனக்கு எழுது. ஃபாக்டரி வேலையை விட்டபோது வந்த பணத்தில் கொஞ்சம் என் பேரில் இருக்கிறது, அப்பாவுக்கும் தெரியும், அதை நான் எதற்கு எடுக்கிறேன் என்று அவர் கேட்க மாட்டார். நானே பஸ் பிடித்து அங்கே வருகிறேன். நாம் இரண்டு பேருமாகக் கடைக்குப் போய்வரலாம். ஒன்றும் இல்லை, அலமாரியில்தான் இருக்கிறது என்றால் ஒரு படம் எடுத்து அனுப்பு. அம்மா தேவையில்லாமல் மனதைப் போட்டு அலட்டிக்கொண்டாள் என்று சிரித்துக்கொள், எனக்கு நிம்மதி.

அடுத்த மாதம் ஆடி பிறக்கிறது. கோயிலில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைக்கு நீ கட்டாயம் வர வேண்டும். வான் ரீனன் மலைப்பாதையில் இப்போது மூடுபனி கண்ணை மறைக்கும், குளிரும் அதிகம். பகலில் கிளம்பு, ராத்திரியில் தனியாக ஓட்டாதே. வேலை முடிந்து கிளம்பினால் இருட்டிவிடும், சனிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிடு. அந்தக் கார்டுக் கட்டையும் எடுத்துக்கொண்டு வா. பெரியம்மாவை உட்கார வைத்து ஒரு ஆட்டம் ஆடிக் காட்டு, அவள் வாயடைத்துப் போக வேண்டும்.

பார்சலில் தை மாதம் போட்ட மாங்காய் ஊறுகாய் இருக்கிறது, பாட்டிலை நிமிர்த்தி வை. பருப்புப் பொடி புதிதாக அரைத்தது. கனமான கம்பளிச் சட்டை ஒன்றும் வைத்திருக்கிறேன்.

தம்பி ஞாயிறு சாயங்காலம் திரும்புகிறான். அதற்குள் இரண்டு வரி எழுதி, உறையை ஒட்டி அவனிடமே கொடு. ஆயா உனக்குச் சொல்லிக்கொடுத்த தமிழிலேயே எழுது, தப்புத் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அவனுக்குப் படிக்க வராது.

அம்மா