அறிமுகக் கையெழுத்து யார் போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாழ்க்கையை மறுபடி தொடங்குகிறவர்களைப் பற்றிய படங்கள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பட்டியல் நன்றாகவே இருந்தது. ஆனால் எல்லாப் படத்துக்கும் ஒரே விளக்கம்தான்: தன்னம்பிக்கை. விழுந்தான், பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான், ஜெயித்தான். அகி கௌரிஸ்மாகியின் ‘கடந்த காலம் இல்லாத மனிதன்’ (2002) பட்டியலில் இல்லாததற்குக் காரணம் இதுதானோ என்று தோன்றியது. அந்த விளக்கத்துக்குள் அந்தப் படம் அடங்காது.

ஃபின்லாந்துப் படம். ரயிலில் ஹெல்சிங்கி வந்து இறங்குகிறவனை அன்று இரவே ரவுடிகள் அடித்துப் போட்டுவிடுகிறார்கள். பிழைத்துக்கொள்கிறான், ஆனால் தன் பெயர்கூட நினைவில் இல்லை. துறைமுகத்தை ஒட்டிக் கப்பல் கன்டெய்னர்களில் குடியிருக்கும் ஏழைகள் அவனைத் தேற்றுகிறார்கள். காவலாளி ஒரு காலி கன்டெய்னரை வாடகைக்கு விடுகிறார். (வாடகை தராவிட்டால் நாயை ஏவுவேன் என்று அவர் மிரட்டுவதும், அந்த நாய் பரம சாதுவாக இருப்பதும் தனிக் கூத்து.) மின்சாரம் இழுத்துத் தந்தவரிடம் கூலி எவ்வளவு என்று கேட்டால், நான் என்றைக்காவது சாக்கடையில் குப்புறக் கிடந்தால் புரட்டிப் போட்டுவிடு, போதும் என்கிறார். கன்டெய்னர் வாசலில் உருளைக்கிழங்கு நடுகிறான். ஏழைகளுக்கு உதவும் கிறிஸ்தவ அமைப்பான இரட்சணிய சேனையில் வேலை பார்க்கும் இர்மாவோடு மெல்ல ஒரு நெருக்கம். இர்மாவாக வரும் கட்டி அவுட்டினனுக்கு கான் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. முகத்தை அசைக்காமலே நடித்து வாங்கிய விருது!

நான் எழுத வந்தது வங்கிக் காட்சியைப் பற்றி. துறைமுகத்தில் வெல்டிங் வேலை நடப்பதைப் பார்த்ததும் அவன் கைக்குப் பழைய தொழில் ஞாபகம் வருகிறது. வேலை தரத் தயார், ஆனால் சம்பளம் போட வங்கிக் கணக்கு வேண்டும் என்கிறார்கள். கணக்குத் தொடங்கப் பெயர் வேண்டும். அவனிடம் அதுதானே இல்லை! போதாக்குறைக்கு, அவன் நிற்கும்போதே வங்கியில் கொள்ளை நடக்கிறது. பெயர் சொல்ல முடியாததால் போலீஸ் இவனைப் பிடித்து வைக்கிறது. இரட்சணிய சேனை அனுப்பும் வக்கீல் வந்துதான் வெளியே எடுக்கிறார்.

நான் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவன். வாடிக்கையாளர் யார் என்பதை ஆவணங்களைப் பார்த்து உறுதி செய்யும் கேஒய்சி விதிகளை ரிசர்வ் வங்கி கொண்டுவந்ததும் அதே 2002இல்தான். அதற்கு முன்பெல்லாம் புதுக் கணக்குக்கு, ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். பிழைக்க வந்த வெளியூர்க்காரருக்கு யாரைத் தெரியும்? பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்பார். எங்கள் கிளைக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர், தன்னிடம் நாலு நாள் டீ குடித்தவர் என்ற ஒரே தகுதியில் பலருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நாங்களும் வங்கியில் இருக்கும் அவருடைய மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து ஒப்பிட்டுவிட்டு, சரி என்று வாங்கிக்கொள்வோம். இந்தப் படத்தில் வரும் ஏழைகள் எல்லோருமே அந்த டீக்கடைக்காரர்கள்தான்.

கடைசியில் பெயரும் முகவரியும் கிடைத்துவிடுகின்றன. ஊருக்குப் போனால் மனைவி, நமக்குத்தான் விவாகரத்து ஆகிவிட்டதே என்கிறாள். அவளோடு இப்போது இருப்பவரிடமும் சண்டை போடாமல் திரும்பி வருகிறான்.

படத்தின் நீளம் ஒன்றரை மணி நேரம் சொச்சம்தான். தொடக்கத்தில் வரும் அடிதடியைப் பார்த்து யாரும் அணைத்துவிட வேண்டாம். இந்த இயக்குநரைப் பற்றி விரிவாகவே ஒரு கட்டுரை வெளியிடுங்கள். 1996இல் வந்த ‘மிதந்து செல்லும் மேகங்கள்’ படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்; அதில் கணவன், மனைவி இரண்டு பேருக்குமே வேலை போய்விடுகிறது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
கும்பகோணம்