கலர் பாட்டில் எனக்கு மட்டும் வந்தது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அந்தக் கதையைச் சொன்னபோது லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன் இல்லையா, லைன் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாலு நாளாகக் காரல் மீனைக் காயப்போடும்போதும் அள்ளும்போதும் அதே நினைப்பு. பேசினால் கோபம் வந்துவிடும், எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

கைலி கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு ஒரு பெரியவர் உன் பேங்குக்கு வந்தார், முதியோர் பென்ஷனுக்கு வந்த ஆள் என்று நினைத்து செக்யூரிட்டி அவரை வெளியே படிக்கட்டுப் பக்கம் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்துவிட்டார், கடைசியில் பார்த்தால் அவர் நிலம் விற்ற பணம் நாற்பது லட்சத்தை டெபாசிட் போட வந்தவர், மேனேஜரே எழுந்து வந்து ஏசி ரூமுக்குக் கூட்டிப்போய்க் காபி கொடுத்தார். இதைச் சொல்லிவிட்டு நீ, "ஆளைப் பார்த்து எடை போடக் கூடாதும்மா, யார் கையில் எவ்வளவு இருக்கும்னே தெரியலை" என்று முடித்தாய்.

எனக்கு அந்த இடத்தில்தான் தம்பி சுருக்கென்றது. அவர் நிஜமாகவே பென்ஷனுக்கு வந்தவராக இருந்திருந்தால்? அப்போது அந்த ஒன்றரை மணி நேரம் சரியாகிவிடுமா? நீ சொன்ன கதையில் தப்பு நடந்தது நாற்பது லட்சத்துக்காரரை ஏழை என்று நினைத்ததில் மட்டும் என்பதுபோல் இருக்கிறது. ஏழை என்று நினைத்தவுடன் வெயிலில் உட்காரவைத்தார்களே, அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2015-இல் அக்கா கல்யாணத்துக்கு நகை எடுக்க நானும் சித்தியும் மதுரைக்குப் போனோம். அப்பா கடலில். அன்றைக்குக் காலையில் கருவாட்டு மண்டியில் நமக்கு வரவேண்டிய பாக்கியை வாங்கிக்கொண்டு அப்படியே கடைக்குப் போவதாக ஏற்பாடு, அதனால் நான் மண்டிக்குக் கட்டும் அதே நைலக்ஸ் சேலைதான். கையில் பச்சை ஒயர்கூடை, அடியில் நாலு லட்சம் ரூபாய், மேலே ஒரு துண்டு. காதில் கழுத்தில் ஒன்றும் இல்லை, பஸ்ஸில் அத்தனை பணத்தோடு போகிறவள் நகை வேறு போட்டுக்கொள்வாளா. கடை வாசலில் நின்ற பையன் எங்களைப் பார்த்ததும், "வெள்ளியா, கொலுசு அந்தப் பக்கம்" என்றான். தங்கம் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கவுன்டரைக் காட்டினான். அங்கே இருந்த பெண்ணுக்கு உன் அக்கா வயதுதான் இருக்கும். ஒரு தட்டு எடுத்து வைத்தாள். நெக்லஸைப் பார்க்க நான் கை நீட்டியதும், அந்தத் தட்டைத் தன் பக்கமாக ரெண்டு விரற்கடை இழுத்துக்கொண்டாள். தெரிந்து செய்தாளா, கை தானாகப் போனதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் கையைப் பார்த்தேன். உப்பில் வெடித்த விரல், நகக்கண்ணில் செதில்.

சித்திக்குக் கோபம். கூடையிலிருந்து ஒரு நோட்டுக்கட்டை எடுத்துக் கண்ணாடி மேலேயே வைத்துவிட்டாள். அவ்வளவுதான். ஸ்டூல் வந்தது, ஃபேனைத் திருப்பினார்கள், முதலாளி மாதிரி இருந்தவர் வந்து, "எந்த ஊரும்மா, ராமேஸ்வரம் பக்கமா, நம்ம கஸ்டமர்கள் நிறைய அங்கே" என்றார். ரெண்டு கலர் பாட்டில் வந்தது.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு அக்கா நின்றார். சாயம் போன சுங்குடிச் சேலை, கையில் சுருட்டி வைத்த கொஞ்சம் ரூபாய் நோட்டு. மகளுக்கு மூக்குத்தி எடுக்க வந்தவர். நாங்கள் வருவதற்கு முன்பே வந்து நின்றவர், ஸ்டூல் வந்த பிறகும் நின்றுகொண்டேதான் இருந்தார். தட்டை எடுத்துக் காட்ட ஆள் வரவில்லை. நான் அந்தக் கலரைக் குடித்தேன் தம்பி. தாகம் இருந்தது, உண்மைதான், ஆனால் தாகத்துக்காக மட்டும் குடிக்கவில்லை, பார்த்தாயா நான் யாரென்று என்கிற ஒரு நினைப்பும் உள்ளே இருந்தது. அந்த அக்காவைப் பார்த்து, "நீங்க முதல்ல வாங்கிட்டுப் போங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஏறி மானாமதுரை தாண்டும்போதுதான் அவர் முகம் நினைப்புக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த நகையைப் பார்க்கும்போதெல்லாம் வருகிறது. என்னை ஏழை என்று நினைத்ததை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். அவரை மறக்க முடியவில்லை.

உன் பேங்க் கதையில் அந்த அக்கா எங்கே என்று யோசித்துப் பார். பெரியவர் உள்ளே போன பிறகு படிக்கட்டில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தார்களா?

இன்னொன்று, உடுப்பை வைத்து ஆளைப் படிப்பது நம் கரையில் எவ்வளவு தப்பாகப் போகும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, நீ பார்த்து வளர்ந்தவன், சென்னைக்குப் போன மூன்று வருஷத்தில் மறந்திருக்கலாம். படகுத்துறையில் போய் நின்றால் தலைமுடிக்குச் சாயம் அடித்து, கிழிச்சல் ஜீன்ஸ் போட்டு, காதில் இயர்போனோடு நிற்கிறவன் அடுத்தவர் படகில் பங்குக் கூலிக்குப் போகிற பையன், பக்கத்தில் பனியனும் கைலியுமாகக் குத்தவைத்து வலையில் ஓட்டை பார்க்கிறவர் ரெண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரர். தனுஷ்கோடி பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் அந்தப் பையனை "சார்" என்பார்கள், படகுக்காரரிடம், "ஏப்பா, மீன் எவ்வளவு" என்பார்கள். கீழக்கரைப் பக்கம் போ, வெள்ளைக் கைலியும் வெள்ளைச் சட்டையுமாக ரெண்டு பேர் நடந்து வந்தால் கடைக்கு வேலைக்குப் போகிறவர் யார், கொழும்பிலும் துபாயிலும் யாவாரம் வைத்திருப்பவர் யார் என்று அந்தத் தெருக்காரர்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் சவூதியிலிருந்து செண்டு மணக்க, கூலிங் கிளாஸோடு வந்து இறங்கினாரே நம் பின்தெரு அண்ணன், ஞாபகம் இருக்கிறதா? வந்த வாரத்தில் எட்டுப் பேர் கடன் கேட்டுப் போனார்கள், கோயில் வரியும் அவருக்குக் கூடுதலாகப் போட்டார்கள். அந்த மனுஷன் விசாவுக்கு வாங்கிய கடனே அடையாமல் அண்ணி நகையை அடகு வைத்து டிக்கெட் எடுத்து வந்தவர். போட்டுக்கொண்டு வந்த சட்டைகூட, உடன் வேலை பார்த்தவன் கொடுத்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாமல் அவர் பட்ட பாட்டை எனக்கு அண்ணி சொல்லி அழுதார். வசதி இருப்பதாக நினைத்துக்கொண்டாலும் ஆளுக்கு அடிதான்.

நகையைப் பார்த்தும் சொல்ல முடியாது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த ரெண்டு மாசமும் இந்தக் கரையில் பாதிப் பெண்கள் கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறுதான், ஆவணியில் பார்த்தால் அதே கழுத்தில் செயின் ஏறியிருக்கும். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போகும்போது சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு போவார்கள். பவளப்பார் கிழிக்காமல் இருக்கவும் சொறிமீன் படாமல் இருக்கவும் அந்தச் சட்டை. அதே கோலத்தில் ஒரு தரம் ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல், மாற்றிக்கொள்ள நேரமில்லை. மனநிலை சரியில்லாதவர் என்று நினைத்து ஓரமாக நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். கடலுக்குள் மூச்சடக்கிச் சம்பாதித்து மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கிற பெண்.

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று சொல்வார்கள். கசக்கத் தண்ணீர் வேண்டுமே. நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காதே, திரிதிரியாகப் பிரிந்து துணியிலேயே ஒட்டும், நீ பள்ளிக்கூடம் போன ஆறாம் வகுப்பில் உன் வெள்ளைச் சட்டை மூன்றே மாசத்தில் காவி ஏறிப்போய், சுத்தமில்லாத பையன் என்று உன்னைப் பின் பெஞ்சுக்கு மாற்றினார்கள். அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து குடம் காசு கொடுத்து வாங்குகிற நல்ல தண்ணீரில் அரைக்குடத்தை உன் சட்டைக்கு என்று தனியாக எடுத்து வைத்தேன். குடிக்கிற தண்ணீரில் துணி துவைக்கிறாள் என்று உன் அப்பத்தா சத்தம் போட்டார். போடட்டும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு உன் சட்டை மடிப்பு கலையாமல் இருக்கிறது, எனக்குச் சந்தோஷம். ஆனால் வெள்ளைச் சட்டை மஞ்சளாக இருப்பதற்கு உப்புத் தண்ணீர் காரணமாக இருக்கலாம் என்று உன் பேங்கில் உன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

உன் அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் ஒன்று சொன்னாள். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஆட்கள் இதையே ஆராய்ந்து 2019 கடைசியில் வெளியிட்டார்களாம். ஒரே முகத்தை வெவ்வேறு மேலுடுப்போடு படமாகக் காட்டி இவர் எவ்வளவு திறமைசாலியாக இருப்பார் என்று கேட்டிருக்கிறார்கள், பார்த்தால் லேசாக வசதி கூடக் குறையத் தெரிகிற உடுப்புதான். வசதியாகத் தெரிந்த உடுப்புக்குத் திறமையும் கூடவே ஒட்டிக்கொண்டதாம். படத்தை ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டியபோதும் அப்படித்தான், உடுப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னபோதும் அப்படித்தான், சரியாகச் சொன்னால் பணம் தருகிறோம் என்றபோதும் அந்த எண்ணம் போகவில்லை. இதைக் கேட்டதும் எனக்கு அந்த நகைக்கடைப் பெண் மேல் இருந்த மிச்சக் கோபமும் போய்விட்டது. கை தானாகத்தான் போயிருக்கும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். மனசுக்குள் அந்த நினைப்பு வராமல் தடுக்க உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது. நினைப்பு வந்த பிறகு தட்டை இழுக்கிறோமா, நாற்காலி போடுகிறோமா என்பது நம் கையில் இருக்கிறது.

நீ உடனே காந்தியைச் சொல்வாய், பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் பண்ணியவன் நீ. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில்தான் அவர் மேலுடுப்பை விட்டு அரையாடைக்கு மாறினார், பத்து வருஷம் கழித்து லண்டனில் ராஜாவைப் பார்க்கவும் அதே மாதிரிதான் போனார். சரி, ஆனால் அவரை யாரும் வெளியே உட்காரவைக்கவில்லையே, யாரென்று தெரிந்துதானே கதவைத் திறந்தார்கள். பேர் தெரிந்த ஒருவர் நாலு முழ வேட்டி கட்டினால் எளிமை என்கிறோம், பேர் தெரியாதவர் கட்டினால் இல்லாமை என்கிறோம். இன்றைக்கு நம் தெருப் பெண்கள் கலெக்டர் ஆபீஸுக்கு மனுக் கொடுக்கப் போகும்போது இரவல் சேலை கட்டிக்கொண்டு போகிறார்கள், நல்ல சேலை கட்டினால் உனக்கு எதற்கு உதவி என்று கேட்பார்களோ, பழசைக் கட்டினால் உள்ளே விடமாட்டார்களோ என்று ரெண்டு சேலையையும் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒருத்தியை நானே பார்த்தேன்.

உன்னால் முடிந்ததைச் செய். மேனேஜரிடம் பேசி ஒரு பெஞ்சை உள்ளே போடச் சொல், ஃபேனுக்குக் கீழே. யார் வந்தாலும் டோக்கன் கொடுத்து வரிசையில் கூப்பிடுங்கள், நாற்பது லட்சமானாலும் முதியோர் பென்ஷனானாலும் ஒரே வரிசை. நீ புதுசு, சொல்லத் தயக்கமாக இருக்கும், தெரியும். சொல்லிப் பார், முடியாவிட்டால் எழுந்து போய் நீயே கூப்பிடு. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் படிவம் எழுதிக் கொடு, அவசரப்படுத்தாதே.

அந்த செக்யூரிட்டியைத் திட்டினார்கள் என்று சொன்னாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. யாரை உள்ளே விடவேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அந்த விறைப்பான யூனிபாரத்தைக் கழற்றிவிட்டுக் கைலி கட்டி அதே பேங்குக்கு வந்தால் அவரையும் படிக்கட்டில்தானே உட்காரவைப்பீர்கள்.

பஸ்ஸில் பார்சல் போட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை காலையில் போய் எடுத்துக்கொள். நெத்திலி ரெண்டு பொட்டலம் இருக்கும், நன்றாகக் காய்ந்தது, மணல் கிடையாது, வலை மேல் காயப்போட்டது. சிவப்புக் கயிறு கட்டியது உனக்கு. மற்றது அந்த செக்யூரிட்டி அண்ணனுக்கு. அவர் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு எனக்குப் போனில் சொல்.

இப்படிக்கு,
அம்மா
தங்கச்சிமடம்