தாமிரபரணி ஒரே ஆறு இல்லை, ஐயா

வெள்ள எச்சரிக்கை எழுதும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

சீவலப்பேரிக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் வாழை போட்டிருக்கும் ஒருவன் எழுதுகிறேன். 2023 டிசம்பரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோனதும் உங்கள் கோப்பிலேயே இருக்கும். அப்படி ஒரு மழையை யாரும் தடுக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதுவது போன கார்த்திகையில் வந்த சாதாரண வெள்ளத்தைப் பற்றி.

அன்று சாயங்காலமே ஆறு ஏறியிருந்தது. கரையில் இருக்கும் மோட்டாரைக் கழற்றுவதா வேண்டாமா என்று கேட்க அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் தன்மையாகத்தான் பேசினார். "பாபநாசம் அணையில தண்ணியக் குறைச்சாச்சு, மணிமுத்தாறு அணை திறக்கவே இல்ல, பயப்படாம இருங்க" என்றார். நம்பிப் படுத்தேன். ராத்திரி இரண்டரை மணிக்கு நாய் விடாமல் குரைத்தது. எழுந்துபோய் டார்ச் அடித்தால் படித்துறையில் மேல் மூன்று படிதான் தெரிகிறது. தண்ணீர் செக்கச்செவேலென்று, நுரையும் பனைமட்டையுமாகப் போகிறது. அணையில் தெளிந்து வரும் தண்ணீருக்கு அந்த நிறம் கிடையாது. அது குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாறு.

பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு, தம்பியும் நானும் இடுப்பளவு தண்ணீரில் நின்று போல்ட்டுகளைத் தடவித் தடவிக் கழற்றினோம். நாலில் மூன்று வந்துவிட்டது. நாலாவது துருப்பிடித்துப் போயிருந்தது, ஸ்பேனர் வழுக்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் மார்புக்கு வந்ததும் தம்பி, "விடுண்ணே, உசுரு இருந்தாப் போதும்" என்றான். விட்டுவிட்டோம். விடிந்து பார்த்தால் மோட்டாரும் இல்லை, அது உட்கார்ந்திருந்த சிமெண்ட் மேடையும் இல்லை. குலை தள்ளிய வாழை அத்தனையும் ஒரே திசையில் படுத்துக் கிடந்தது.

போனில் பேசியவர் பொய் சொல்லவில்லை. பாபநாசத்தில் குறைத்தது உண்மைதான். அவர் கையில் இருந்த தாளில் சிற்றாறு இல்லை, அவ்வளவுதான்.

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை 128 கிலோமீட்டர். வரைபடத்தில் ஒரு நீலக்கோடு. ஆனால் மேலே பாணதீர்த்த அருவியில் விழுந்து வருகிற தண்ணீரும் எங்கள் படித்துறைக்கு வருகிற தண்ணீரும் ஒன்றா? மலை இறங்கும்போதே சேர்வலாறு சேர்ந்துவிடுகிறது. மாஞ்சோலை மலையில் பெய்த மழையை மணிமுத்தாறு கொண்டுவருகிறது. ஜம்புநதியையும் இராமநதியையும் சேர்த்துக்கொண்டு கடனாநதி திருப்புடைமருதூரில் வந்து கலக்கிறது. களக்காட்டு மலையிலிருந்து பச்சையாறு தருவைப் பக்கம் வருகிறது. இத்தனைக்கும் பிறகு, திருநெல்வேலியையும் தாண்டிச் சீவலப்பேரியில் சிற்றாறு. அந்த ஊரை அந்தக் காலத்தில் முக்கூடல் என்றார்கள். மூன்று ஆறு கூடுகிறது என்று பெயரிலேயே எண்ணிக்கை வைத்தார்கள்.

குற்றாலத்தில் அருவியில் குளிக்கத் தடை என்றால் அடுத்த நிமிஷம் ஊர் உலகமெல்லாம் தெரிகிறது. அந்தத் தண்ணீர் குளித்து முடித்துவிட்டு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. எங்களிடம்தான் வருகிறது, ஐயா. வழியில் அனுமன் நதியும் கருப்பாநதியும் அழுதகண்ணி ஆறும் சேர்ந்து வருகின்றன. (அழுதகண்ணி என்று பெயர் வைத்தவன் எங்கள் ஊர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும்.) சிற்றாற்றின் குறுக்கே பாபநாசம் மாதிரி ஒரு பெரிய அணை கிடையாது. மதகைக் குறைத்தாச்சு என்று சொல்ல அங்கே மதகே இல்லை.

அதனால்தான் கேட்கிறேன்: எச்சரிக்கையை ஆறு வாரியாகச் சொல்லுங்கள். பாபநாசம் 143 அடியில் எத்தனை, மணிமுத்தாறு 118 அடியில் எத்தனை என்று தினமும் பேப்பரில் வருகிறது. நல்லது. ஆனால் நாங்கள் அணைக்குள் குடியிருக்கவில்லை. திருப்புடைமருதூரில், தருவையில், சீவலப்பேரியில் இந்த நேரத்துக்கு எத்தனை கன அடி வந்து சேருகிறது, அது மருதூர் அணைக்கட்டுக்கு எப்போது போகும் என்று சொல்லுங்கள்.

காவிரி என்றால் பக்கத்து மாநிலத்தைக் கைகாட்டலாம். இந்த ஆறு பிறப்பதும் முடிவதும் நம் மாநிலத்துக்குள்ளேதான். மேலே கை காட்டினால் பொதிகையில் அகத்தியர்தான் இருக்கிறார், அவரிடம்தான் மனுக் கொடுக்க வேண்டும். இதில் படித்துறைக்குக் கலர் லைட் வேறு. பாபநாசத்தில் பரிகாரம் என்று அவிழ்த்துவிடும் துணிமூட்டை கீழே எங்கள் மோட்டார் குழாயை அடைக்கிறது, சாக்கடை தனி... சரி, அதற்கெல்லாம் இன்னொரு மடல் எழுத வேண்டும்.

கோபத்தில் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நஷ்டஈடு கேட்டு இதை எழுதவில்லை. வருகிற ஐப்பசிக்குள், அந்த எச்சரிக்கைத் தாளில் சிற்றாற்றுக்கும் கடனாவுக்கும் பச்சையாற்றுக்கும் தனித்தனியாக ஒரு வரி சேர்க்கும்படி தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன். ராத்திரியில் போன் எடுப்பவர் கையிலும் அந்தத் தாள் இருக்கட்டும்.

கடன் வாங்கிப் புது மோட்டார் வைத்திருக்கிறேன். நாலு போல்ட்டுக்கும் கிரீஸ் தடவியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சீவலப்பேரிக்குக் கிழக்கே ஒரு வாழை விவசாயி