கிரில் பூட்டும் நீல டின்னும்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு உன் வீட்டு வாசல் கம்பிக் கதவின், அந்தக் கிரிலின், பூட்டு நினைப்புதான். குட்டியைப் பள்ளிக்கு அனுப்பும் நேரத்தில் இரண்டு பேரும் உள்ளே மாட்டிக்கொண்டு, எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா வெளியிலிருந்து பூட்டைப் பிடித்து ஆட்டி ஆட்டித் திறந்துவிட்டார் என்றாய். வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. அது இருக்கட்டும்.

தம்பி வியாழக்கிழமை கோலாலம்பூர், உன் கேஎல், வருகிறான். அவனிடம் ஒரு டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்பிரே டின் கொடுத்துவிடுகிறேன். தீப்பிடிக்கும் ஸ்பிரே டின்னைத் தபாலில் அனுப்பக் கூடாது, அதனால்தான் அவன் கையில். சிவப்புக் குழாயை டின்னோடு டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன், தொலைத்துவிடாதே. குழாய் இல்லாமல் அடித்தால் பாதி மருந்து சுவருக்குத்தான் போகும்.

பூட்டை முதலில் பார். சாவித் துளைக்குள் சின்னச் சின்னக் குச்சிகளும், அவற்றைத் தள்ளும் ஸ்பிரிங்குகளும் வரிசையாக நிற்கும். சாவியின் பல் ஒவ்வொரு குச்சியையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் உருளை சுழலும். உன் மாடி நடையில் சாரல் அடிக்கிறது. ஈரமும் தூசியும் சேர்ந்து ஒரே ஒரு குச்சி இறுகிப்போனாலும் பூட்டு திறக்காது. அந்த நேரத்தில் சாவியை முறுக்கக் கூடாது. முறுக்கினால் சாவி உள்ளேயே உடையும், அப்புறம் பூட்டை அறுக்கத்தான் வேண்டும்.

பூட்டைக் கழற்றிச் சாவித் துளை மேலே பார்க்கும்படி பிடி. குழாயைத் துளைக்குள் வைத்து ஒரு நொடி அழுத்து, போதும். வளைந்த கம்பி இறங்கும் இரண்டு துளையிலும் கொஞ்சம். ஐந்து நிமிடம் விட்டு, சாவியைத் திருப்பாமல் உள்ளே விட்டு வெளியே எடு, பத்துத் தடவை. சாவியில் கறுப்பாக அழுக்கு வரும். பழைய துணியில் துடைத்துவிட்டு மறுபடி அடி. சாவி சுத்தமாக வெளியே வரும்வரை இதைச் செய். அதற்கப்புறம்தான் திருப்ப வேண்டும், அதுவும் மெதுவாக. கடைசியில் துளையைக் கீழே பார்க்கக் கவிழ்த்து, துணிமேல் ஓர் இரவு வைத்தால் மிச்ச அழுக்கும் வடியும். அந்த இரவுக்கு வேறு பூட்டுப் போட்டுக்கொள், கிரிலைத் திறந்து போட்டுத் தூங்காதே.

இதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதே. இந்த ஸ்பிரேயில் பெரும்பங்கு ஆவியாகிப் போகிற ஸ்பிரிட்; மிஞ்சுவது மெல்லிய எண்ணெய். 1953-இல் அமெரிக்காவில் சான் டியாகோ ஊரில் ஒரு சின்ன கம்பெனி இதைச் செய்தது ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக. அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய தகட்டுக்குப் பூசினார்கள். கிரீஸ் செய்கிற வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. பூட்டு சுத்தமாகி நன்றாகக் காய்ந்த பிறகு, ஹார்ட்வேர் கடையில் டெஃப்லான் கலந்த உலர் ஸ்பிரே கேட்டு வாங்கி ஒரு தடவை அடி. அது ஈரம் இல்லாமல் படியும், தூசியைப் பிடிக்காது. பென்சில் தூள் போடு என்று யாராவது சொல்வார்கள். எண்ணெயே படாத பூட்டுக்கு அது நல்லது. எண்ணெய் பட்ட பூட்டில் போட்டால் தூளும் எண்ணெயும் குழைந்து, முன்பைவிட மோசமாக அடைக்கும்.

இத்தனையும் செய்து பூட்டு மறுபடி மக்கர் செய்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கு. யாராவது வந்து பார்க்கட்டும் என்று தள்ளிப்போடாதே. தீப்பிடித்தால் கிரில்தான் எமன், தீயணைக்கிற பொம்பாக்காரர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சாவி கதவுப் பக்கத்திலேயே ஓர் ஆணியில் தொங்க வேண்டும். வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டக் கூடாது, இருட்டில் தடவினால் உனக்குக் கிடைக்க வேண்டும். குட்டிக்கும் அந்த இடம் தெரிய வேண்டும், பூட்டைத் திறக்கவும் அவளுக்குச் சொல்லிக்கொடு.

சின்ன வயதிலேயே சைக்கிள் செயினைத் தானே மாட்டிக்கொண்ட பிள்ளை நீ. அப்பாவிடம்கூடக் கேட்கமாட்டாய். நம் தெருவில் அப்படி ஒரு பெண்பிள்ளை இல்லை என்று எனக்கு எவ்வளவு பெருமை. இப்போது ஒரு கதவு கிறீச்சிட்டால் மாதக்கணக்கில் அப்படியே விட்டு வைத்திருக்கிறாய். போனில் பேசும்போது அந்தச் சத்தம் எனக்கே கேட்கிறது.

அதற்கும் இதே டின்தான். கீலுக்குப் பின்னால் ஒரு அட்டையைப் பிடி, இல்லாவிட்டால் சுவரில் எண்ணெய்க் கறை இறங்கும். மேலிருந்து ஒரு சின்ன அடி, கதவைப் பத்துத் தடவை திறந்து மூடு, வழிவதைத் துடை. சில வாரத்தில் சத்தம் திரும்பிவிடும், ஏனென்றால் அந்த எண்ணெய் மெல்லியது. நிரந்தரமாகப் போக வேண்டுமென்றால், ஆணியைக் கழற்ற வருகிற கீலில் ஒன்றைமட்டும் கழற்று, மற்றக் கீல்கள் கதவைத் தாங்கட்டும். ஸ்பிரே அடித்துத் துருவைத் துடைத்தெடு, காய்ந்ததும் வெள்ளைக் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு தடவி மாட்டு. பிறகு அடுத்த கீல். குளியலறைக் கதவில் துருப்பிடித்த ஸ்க்ரூ இருந்தால் அடித்துப் பதினைந்து நிமிடம் விடு, ஸ்க்ரூடிரைவர் பிடியில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டு, பிறகு திருப்பு. வரவில்லையா, மறுபடி அடித்து ராத்திரி முழுக்க விடு. தலை தேயும்வரை முறுக்காதே.

குட்டி ஹாலில் கிரேயோன் வைத்துக் கிறுக்கியிருப்பதைப் படத்தில் பார்த்தேன். திட்டாதே, பாவம், அவளுக்கும் மனசில் என்னென்னவோ இருக்கும். பளபளப்பான பெயிண்ட் என்றால் துணியில் கொஞ்சம் அடித்து அந்தத் துணியால் துடை, உடனே பாத்திர சோப்புத் தண்ணீரால் கழுவு. பளபளப்பு இல்லாத பெயிண்டில் எண்ணெய் ஊறிக் கறையாக நிற்கும். அலமாரிக்குப் பின்னால் ஓர் இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய். கண்ணாடிப் புட்டியில் ஸ்டிக்கர் பசை, காடியில் (காரில்) ஒட்டிய தார், செருப்படியில் சூயிங்கம், எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான்: அடி, சில நிமிடம் விடு, பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டு, சோப்புப் போட்டுக் கழுவு. குடைக் கம்பியின் மூட்டுக்குப் பஞ்சில் தொட்டு வைத்தால் துருப்பிடிக்காது. குடைத் துணியில் மட்டும் படக்கூடாது. கீழே தபால் பெட்டிப் பூட்டுக்கும் ஒரு அடி அடித்துவிடு. நிறையக் கடிதம் சேர்ந்திருக்கும். எந்தப் பெயருக்கு வந்திருந்தாலும் எடுத்து வை.

எங்கே அடிக்கக் கூடாது என்பதை இன்னும் கவனமாகப் படி. அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். கேஸ் தோம்பு (சிலிண்டர்), ரப்பர்க் குழாய், ரெகுலேட்டர் எதிலும் படக்கூடாது. சாமி மேடைக்குக் கீழே காய்ந்து பிசுக்கான விளக்கெண்ணெயை இது இளக்கும், ஆனால் விளக்கை அணைத்து, ஆறவிட்டு, ஜன்னலைத் திறந்த பிறகுதான். டைல்ஸ் தரையில் ஒரு துளி சிந்தினாலும் சோப்புப் போட்டு எடு, வழுக்கிவிடும். தேங்காய்த் துருவி, மிக்சி பிளேடு, குக்கர் ரப்பர், வாயில் போகிற எதற்கும் வேண்டாம். தையல் மிஷினுக்குத் தையல் மிஷின் எண்ணெய். மேல் காற்றாடியின் பேரிங்கில் அடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும், பிறகு கடகடவென்று சத்தம் போடும். மோட்டார் சைக்கிள் பிரேக்கில் ஒரு துளிகூடக் கூடாது. தெளிவான கெட்டிப் பிளாஸ்டிக் இதனால் விரிசல் விடும், அவளுடைய தண்ணீர்ப் புட்டியில் பட்டுவிடாமல் பார். முழங்கால் வலிக்கு அடிக்கலாம் என்று அத்தை போன் செய்வார். இந்த ஸ்பிரேயைத் தயாரிக்கிறவர்களே அதற்கு ஆகாது என்கிறார்கள். மூட்டுக்குப் போடுகிற மருந்து எதுவும் இதில் இல்லை.

டின்னைக் காடியில் விட்டுவிட்டுப் போகாதே. 50 டிகிரிக்கு மேல் சூடு ஏறக் கூடாது, கேஎல் வெயிலில் நிறுத்திய காடிக்குள் அதைத் தாண்டிவிடும். சிங்க்குக் கீழேயும் வேண்டாம், குட்டிக்கு எட்டும். மேல் தட்டில் வை. தப்பித் தவறி அவள் வாயில் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காதே. வாந்தியில் அந்தத் திரவம் நுரையீரலுக்குப் போவதுதான் பெரிய ஆபத்து. வாயைக் கழுவி, டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. இங்கே பினாங்கில் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில்தான் தேசிய நச்சு மையம் இருக்கிறது, போனில் வழி சொல்வார்கள். அந்த எண்ணைப் பார்த்து ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி வை.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உப்புக்காற்றில் நம் வாசல் கேட் மறுபடி துருவேறுகிறது, தேய்த்து அடித்து வைத்திருக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எந்திரத்துக்கு எண்ணெய் போட்ட கை, சும்மா இருக்காது. உன் அறையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. தம்பி கேட்டான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பள்ளி விடுமுறைக்கு என்றாலும் சரி, விடுமுறை இல்லாத நேரத்தில் என்றாலும் சரி. மாப்பிள்ளைக்கு வேலை இருந்தால் அவரை எதிர்பார்க்க வேண்டாம், பட்டர்வொர்த்துக்கு ரயில் இருக்கிறது, நீயும் குட்டியும் ஏறி வாருங்கள். நான் எதுவும் கேட்கமாட்டேன். அப்பாவும் கேட்கமாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன்.

மறுபடி சொல்கிறேன், சாவியை முறுக்காதே.

பூட்டு சரியானதும், அல்லது புதியது வாங்கினதும், இரண்டு சாவி கூடுதலாக வெட்டு. பூட்டோடு வந்த சாவியைக் கொடுத்து வெட்டச் சொல். நகலிலிருந்து நகல் எடுத்தால் பல்லின் அளவு கொஞ்சம் கொஞ்சமாக மாறி, அதுவே பூட்டை இறுக்கும். வெட்டினதும் கடையை விட்டு நகராதே, பூட்டைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே இரண்டையும் போட்டுப் பார். ஒன்றை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்து வை. இன்னொன்றைத் தம்பியிடம் கொடுத்து எனக்கு அனுப்பு. அவன் சனிக்கிழமை மத்தியானம் அங்கிருந்து கிளம்புகிறான், அதற்குள் வெட்டிவிடு.

அம்மா