இரண்டாவது பட்டமும் தேர்வு அட்டவணையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பொறியியல் படிக்கும் பிள்ளை கூடவே ஒரு கலைப் பட்டமும் படிக்கலாமா என்ற விவாதம் எங்கள் வீட்டில் சில மாதங்களாக ஓய்ந்தபாடில்லை. என் மகள் திருச்சிக்கு அருகே ஒரு கல்லூரியில் சிவில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறும் படிக்க வேண்டும் என்கிறாள். இதே குழப்பத்தில் இருக்கும் பெற்றோருக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

அவளுடைய ஆசைக்கு விதை முக்கொம்பில் விழுந்தது. 2018 ஆகஸ்டில் அங்குள்ள கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபோது, பள்ளிச் சிறுமியாக என்னுடன் வந்து பார்த்தவள் அவள். ஆர்தர் காட்டன் 1830களில் கட்டிய அணை அது. ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் முறையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றதாகக் காட்டன் எழுதியிருக்கிறார் என்று பிறகு தெரிந்துகொண்டாள். ஏரியைப் பராமரிப்பதற்கென்றே குடவோலை முறையில் ஏரி வாரியம் தேர்ந்தெடுக்கப்பட்டதை உத்திரமேரூரின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அணை எப்படி நிற்கிறது என்பதைத் தன் வகுப்பில் கற்பவள், அதை யார் எந்த ஏற்பாட்டில் காத்துவந்தார்கள் என்பதையும் அறிய விரும்புவதை நான் வீண் ஆசை என்று சொல்ல மாட்டேன். அண்ணா பல்கலைக்கழகம் முதலாண்டில் வைத்திருக்கும் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ ஆகிய பாடங்கள் பசியைக் கிளப்பிவிட்டு அத்துடன் முடிந்துவிடுகின்றன.

உறவினர்கள் கேட்பது, “பி.ஏ. வாங்கி என்ன ஆகப்போகிறது?” என்று. உண்மையில், தகுதி என்ற கணக்கில் ஒன்றும் ஆகப்போவதில்லை. குடிமைப் பணித் தேர்வுக்கும் குரூப்-1 தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும், அதைப் பி.இ. பட்டமே தந்துவிடும். வேலைக்காக இரண்டாவது பட்டம் படிப்பவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். அப்படியானால் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தால் போதாதா என்று நானே அவளிடம் கேட்டேன். படிப்பேன், ஆனால் எழுத மாட்டேன் என்றாள். ஒப்படைப்புகளும் தேர்வுகளும் கட்டாயப்படுத்தாமல் யாரும் கட்டுரை எழுதிப் பழகுவதில்லை என்பதை நானும் ஒப்புக்கொண்டேன்.

2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஒரே காலத்தில் இரண்டு பட்டப் படிப்புகளைப் படிக்க அனுமதிக்கின்றன. வகுப்பு நேரங்கள் மோதாவிட்டால் இரண்டையும் நேரடியாகவே படிக்கலாம். ஆனால் காலை முதல் மாலை வரை வகுப்பும் 75 விழுக்காடு வருகைப்பதிவும் உள்ள பொறியியல் மாணவிக்கு அது ஏட்டளவுச் சலுகைதான். இன்னொரு கல்லூரி கேட்கும் மாற்றுச் சான்றிதழோ முதல் கல்லூரியின் அலமாரியில் இருக்கிறது. எனவே மிஞ்சுவது தொலைநிலைக் கல்விதான்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பொறியியல் பருவத் தேர்வுகள் நவம்பர்-டிசம்பரிலும் ஏப்ரல்-மேயிலும் நடக்கின்றன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகள் டிசம்பரிலும் ஜூனிலும் நடக்கின்றன. டிசம்பரில் இரண்டும் ஒரே நாளில் வந்தால் மாணவி எந்தக் கூடத்தில் உட்காருவாள்? ஆயினும் அங்கே பி.ஏ. பட்டத்தை மூன்றாண்டுகளில் முடித்தாக வேண்டும் என்பதில்லை, ஆறாண்டுகள் வரை அவகாசம் உண்டு என்று அறிந்தபோதுதான் என் தயக்கம் குறைந்தது. டிசம்பரில் மோதும் தாள்களை ஜூனுக்குத் தள்ளிவைக்கலாம். பொறியியல் முடிந்த பிறகும் மீதியை எழுதலாம். இரண்டு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வாங்கியாக வேண்டும் என்ற வீம்பை விட்டுவிட்டால் சுமை பாதியாகிறது.

ஆகவே, முதலாண்டுக் கணிதத்தில் வைத்திருக்கும் அரியரை முடித்த பிறகு, ஜனவரிச் சேர்க்கையில் அவள் விண்ணப்பிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். (அரியர் நிபந்தனை என்னுடையது; அவளுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.)

பல்கலைக்கழகங்கள் தேர்வு நாட்களைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். ஒரே காலத்தில் பெற்ற இரு பட்டங்களும் செல்லுமா என்பதைப் பணியாளர் தேர்வு அமைப்புகள் ஒவ்வோர் அறிவிக்கையிலும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
திருவரங்கம்.