பருவ முடிவுக் கடிதம்: பாலா பயணமும் பன்னிரண்டரை மணியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தச் சனிக்கிழமையோடு நம் தமிழ் வகுப்புகளின் இலையுதிர் பருவம் முடிகிறது. பிள்ளைகளை நேரத்துக்கு வந்து அழைத்துப்போவது பற்றியும் இந்தக் கடிதத்தில் பேச வேண்டியிருக்கிறது. முதலில் நல்ல செய்திகள். மழலையர் உயிரெழுத்துகளை முடித்து மெய்யெழுத்துகளுக்குள் வந்துவிட்டார்கள். மூன்றாம் நிலையில் எல்லோரும் சொந்தமாக ஒரு பத்தி எழுதுகிறார்கள். தீபாவளி நிகழ்ச்சி நன்றாக நடந்தது. பாடியவர்கள், ஆடியவர்கள், நாற்காலி அடுக்கியவர்கள் எல்லோருக்கும் பாராட்டுகள். குறள் ஒப்புவித்தலில் சிறியவர்கள் பெரியவர்களை மிஞ்சினார்கள்.

மேல்வகுப்புப் பிள்ளைகளின் திட்டப்பணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேல்ஸில் வளரும் பிள்ளைகள் இந்த மண்ணின் அரசியல்வாதி ஒருவரைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தோம். எல்லோரும் பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான லாயிட் ஜார்ஜ் பெயரையே சொன்னார்கள். அவரைப் பற்றி இணையத்தில் வெட்டி ஒட்ட நிறையவே கிடைக்கும் என்பதால், நான் தாமஸ் எட்வர்ட் எல்லிஸைக் கொடுத்தேன். அக்டோபரில் அதற்காகத்தான் அவருடைய வட்டாரத்து ஊரான பாலாவுக்குப் பேருந்து எடுத்தோம்.

எல்லிஸ் 1859-இல் பாலாவுக்கு அருகில் கெவ்ன்தூசார்ன் என்ற சிற்றூரில், கின்லாஸ் என்ற பண்ணையில் பிறந்தவர். அப்பா குத்தகை விவசாயி. அதே ஆண்டு நடந்த தேர்தலில் நிலப்பிரபு சொன்னவருக்கு ஓட்டுப் போடாத குத்தகைக்காரர்கள் சிலரை அந்த வட்டாரத்தின் ரிவ்லாஸ் எஸ்டேட் நிலத்தை விட்டே வெளியேற்றியது. "யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று நிலப்பிரபுவுக்கு எப்படித் தெரியும்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அப்போது எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லித்தான் ஓட்டுப் போட வேண்டும். ரகசிய வாக்கு வந்தது 1872-இல்தான். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பையன் பாலா இலக்கணப் பள்ளி, அபரிஸ்ட்வித் கல்லூரி, ஆக்ஸ்ஃபோர்டு என்று படித்து, 1886-இல், 27 வயதில், மெரியனெத் தொகுதியின் லிபரல் உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குப் போனார். வேல்ஸின் நிலக் குத்தகை நிலைமையை விசாரிக்க 1893-இல் ஓர் அரச ஆணையம் அமைந்ததில் அவருடைய பங்கு பெரிது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் இடைநிலைப் பள்ளிகளைக் கொண்டுவந்த 1889-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களிலும் அவர் ஒருவர்.

பாலா கடைத்தெருவில் அவருடைய வெண்கலச் சிலை 1903-இலிருந்து நிற்கிறது. பிள்ளைகள் அதன் அடியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்கள். (டெகிட் ஏரியில் குளிர் தாங்க முடியவில்லை. அடுத்த முறை ஜூனில் போகலாம்.)

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எல்லிஸ் 1894-இல் ஆளுங்கட்சியின் தலைமைக் கொறடா ஆனார். கொறடா என்றால் என்ன என்று வகுப்பில் விளக்க வேண்டியிருந்தது. வாக்கெடுப்பு மணி அடிக்கும்போது தன் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் அவைக்குள் இருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. ஒருவர் விருந்தில் இருப்பார், ஒருவர் ஊருக்குக் கிளம்பியிருப்பார், ஒருவர் கோபித்துக்கொண்டு வரமாட்டார். லாயிட் ஜார்ஜ் உட்பட வேல்ஸ் உறுப்பினர்கள் நான்கு பேர் அந்த ஆண்டே கொறடா உத்தரவுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று விலகி நின்றார்கள். எல்லாம் எல்லிஸின் பழைய தோழர்கள். பாவம், மனிதர் என்ன செய்வார்.

1895 ஜூன் 21, வெள்ளிக்கிழமை மாலை. ராணுவத்துக்கான கார்டைட் வெடிமருந்து கையிருப்பு போதவில்லை என்று சொல்லி, போர்த்துறை அமைச்சரின் சம்பளத்தில் 100 பவுண்டு குறைக்க எதிர்க்கட்சி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அது இவ்வளவு பெரிதாகும் என்று அரசுத் தரப்பில் யாரும் எதிர்பார்க்கவில்லை. 670 உறுப்பினர்கள் கொண்ட அவையில் அரசுக்கு விழுந்த ஓட்டு 125, எதிராக 132. அரசு ராஜினாமா செய்தது. எட்டுப் பேர் கூடுதலாக அவையில் இருந்திருந்தால் அன்று பிழைத்திருக்கும். ஏற்கெனவே களைத்துப்போயிருந்த அரசு அந்தத் தோல்வியையே சாக்காக வைத்து விலகியது என்பதும் உண்மைதான். ஆனால் அதோடு போனது வேறொன்று. வேல்ஸில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் அரசு அந்தஸ்தை நீக்கும் மசோதா அப்போது அவையில் பாதி வழியில் இருந்தது. கின்லாஸ் போன்ற பண்ணை வீடுகளும், அந்தத் திருச்சபையைச் சேராத கிறித்தவர்களின் சிற்றாலயங்களும் காலங்காலமாகக் காத்திருந்த மசோதா அது. அந்த மாற்றம் சட்டமாக 1914 ஆயிற்று, நடைமுறைக்கு வர 1920. எல்லிஸ் 1899-இலேயே, 40 வயதில், பிரான்சின் கான் நகரில் காலமாகிவிட்டார்.

இதைச் சொல்லி முடித்ததும் பத்து வயது மாணவி ஒருத்தி கை தூக்கினாள். "சார், நம்ம அப்பா அம்மாக்களுக்கு யார் கொறடா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பன்னிரண்டரைக்கு வகுப்பு முடிந்து, ஒன்றே காலுக்கு அதே மாணவியோடு, நம் வகுப்பு நடக்கும் சிற்றாலயத்தின் வாசலில் நின்றபோது சிரிப்பு வரவில்லை.

நம்மில் பலர் மருத்துவமனைகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள். இரவு வேலை முடித்துத் தூங்காமல் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அம்மாக்களை எனக்குத் தெரியும். சாலையில் பனி, வேலை நேரம் நீண்டுவிட்டது, காரில் பிரச்சினை என்றால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காத்திருக்கிறோம். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வருத்தம் வேறு இடத்தில். இந்தப் பருவத்தில் ஒரு சனிக்கிழமைகூட எல்லாப் பிள்ளைகளும் நேரத்துக்கு வீடு போகவில்லை. பெரும்பாலான நாட்களில் அழைப்பும் இல்லை, குறுஞ்செய்தியும் இல்லை. நாங்கள் அழைத்தால், "கடைக்கு வந்தேன் சார், பத்தே நிமிஷம்" என்று பதில். அந்தப் பத்து நிமிஷம் நாற்பதாகிறது. பாலா பயணத்தன்று பேருந்து ஐந்து மணிக்குத் திரும்பியது. கடைசிப் பிள்ளை வீடு போனபோது ஆறே முக்கால். பயணத்தில் ஒருமுறைகூட முகம் சுளிக்காத பையன், இருட்டில் ஒவ்வொரு கார் விளக்கையும் பார்த்துப் பார்த்து, கடைசியில் அழுதுவிட்டான்.

பிள்ளை ஒன்று மிச்சம் இருந்தாலும் பாதுகாப்பு விதிப்படி ஆசிரியர்கள் இரண்டு பேர் உடன் இருக்க வேண்டும். அவர்கள் சம்பளம் வாங்காதவர்கள், அவர்களுக்கும் வீட்டில் குழந்தைகள் உண்டு. ஒன்றரை மணிக்குக் கூடம் பாடகர் குழுவுக்கு உரியது. எழுபது வயதுப் பெரியவர்கள் நம் காலணிகளைத் தாண்டி உள்ளே வந்து, புன்னகையோடு நாற்காலி போடுகிறார்கள். அந்தப் புன்னகைதான் எனக்கு அதிகம் கூச்சமாக இருக்கிறது.

எனவே நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜனவரியிலிருந்து 12.45 வரை பொறுப்போம். அதற்குப் பிறகு வருபவர்கள் பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒரே பருவத்தில் மூன்று முறை முன்கூட்டிச் சொல்லாமல் தாமதித்தால், அந்தப் பிள்ளையை அழைத்துப்போக இன்னொருவர் பெயரைத் தந்த பிறகே வகுப்பில் சேர்ப்போம். காத்திருப்புப் பட்டியலில் பதினொரு குடும்பங்கள் இருக்கின்றன. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் வெறும் பேச்சாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதற்கு வழி நம்மிடமே இருக்கிறது. ஒரே தெருவில் இருப்பவர்கள் மாற்றி மாற்றி அழைத்துப்போகலாம். இரண்டு குடும்பங்கள் செப்டம்பரிலிருந்தே அப்படிச் செய்கின்றன, ஒருநாள்கூடத் தாமதமில்லை. இதற்கென்றே வாட்ஸ்அப்பில் தனிக் குழு தொடங்கியிருக்கிறோம். தயவுசெய்து அதில் காலை வணக்கப் படங்கள் வேண்டாம்.

கடைசியாக, நன்றி. பாலாவுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொடுத்தவர்களுக்கு, பேருந்தில் வாந்தி எடுத்த மூன்று பிள்ளைகளையும் சொந்தப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு, வேல்ஸ் மொழிப் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கூடக் காப்பாளருக்கு. நாங்கள் கூடத்தைப் பூட்டும்வரை காத்திருந்து, ஒருநாள் எங்களுக்கே தேநீர் போட்டுக்கொடுத்தவரும் அவர்தான்.

பிள்ளைகள் எழுதிய எல்லிஸ் கட்டுரைகளைக் கூடத்தின் பின்சுவரில் ஒட்டியிருக்கிறோம். இந்தச் சனிக்கிழமை வந்து படித்துப் பாருங்கள். பன்னிரண்டேகாலுக்கே கதவு திறந்திருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்